குதிரையைத் தயார்செய்பவருக்கு ஒரு பதவி: சவாரி மன்றங்களின் செயற்குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம்.

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1843இல் ஃபேரர் பார்க் திடலில் தொடங்கி, 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய தொழில் அதோடு நின்றது. இங்கே பந்தயம் நின்றது நல்லதா கெட்டதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. குதிரையின் உடலைப் படிப்படியாக வேலைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இந்தத் தீவில் மொத்தமாகக் கூடியிருந்த இடம் அதுதான். குதிரை பார்க்கும் சைஸ்கள், விடியுமுன் ஓட்டிப் பழக்கும் டிராக் ரைடர்கள், துணைப் பயிற்றுநர்கள், லாடம் அடிப்பவர்கள் எல்லாரும் இப்போது கலைந்து போகிறார்கள். மக்காவ் 2024இலும் பினாங்கு 2025இலும் பந்தயத்தை நிறுத்திவிட்டதால் இந்த வட்டாரத்தில் அவர்களுக்குப் போக்கிடமும் சுருங்கிவிட்டது. சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் உங்கள் லாயங்களில் சாணம் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சவாரி மன்றத்திலும் குதிரைகளின் உடற்தகுதிக்கு மட்டுமே பொறுப்பான ஒரு பதவியை உருவாக்குங்கள். அந்தப் பதவிக்குச் சம்பளம், பதிவேடு, கீழே பழகுநர், தேவைப்பட்டால் குதிரையை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆகிய நான்கும் இருக்கட்டும். இப்போது சைஸ் தீனி போடுகிறார், பயிற்றுநர் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித்தருகிறார், குதிரை நொண்டியபின் மருத்துவர் வருகிறார். நொண்டாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

“எங்கள் குதிரைகள் தினமும் ஓடுகின்றனவே, உடற்தகுதி இல்லாமலா இருக்கும்?” என்று கேட்பீர்கள். 20க்கு 60 மீட்டர் திடலில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வகுப்பு, எல்லாமே நடையும் மெதுவான டிராட்டும்தான் (டிராட் என்பது நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட துள்ளுநடை). அந்தக் குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110, 120ஐத் தாண்டுவதே அரிது. உடல் அந்த வேலைக்குப் பழகிவிடுகிறது, அதற்குமேல் ஒரு படியும் ஏறுவதில்லை. திடீரென்று ஒரு சனிக்கிழமை போட்டி என்று தடைதாண்டலுக்கு இறக்குகிறோம். துடிப்பு 180ஐத் தொடுகிறது. திங்கட்கிழமை ஒரு கால் வீங்கியிருக்கிறது. இது விபத்தே இல்லை, கணக்குத் தெரிந்தவர் முந்தைய மாதமே சொல்லியிருப்பார்.

அந்தக் கணக்கு இப்படி. குதிரையின் உடலில் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பலப்படாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைக்கு மூன்று முதல் ஆறு மாதம். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கும் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களுக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். எலும்புக்கு அதைவிடவும் அதிகம். எலும்பு வேறொரு வேலையும் செய்யும்: பயிற்சி தொடங்கியதும் பழைய பகுதியை முதலில் கரைக்கும், பிறகுதான் புதிதாக நிரப்பும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் குதிரை மூச்சிரைக்காமல் துள்ளும், சவாரி செய்பவர் “நன்றாகத் தேறிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்” என்பார். மூச்சு தயாராகிவிட்டது, கால் தயாராகவில்லை. கால் முறிவுகளிலும் தசைநாண் கிழிவுகளிலும் பல இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முன்னங்காலின் பின்பக்கம் ஓடும் தசைநாணை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஓட்டத்தில் அது அறுந்துவிடும் எல்லைக்கு மிக அருகில்வரை இழுபடுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் சூடு பிறக்கிறது. அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை போவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்தச் சூட்டை வெளியேற்ற அங்கே ரத்த ஓட்டம் குறைவு. வேலை முடிந்ததும் கால்களுக்கு 15, 20 நிமிடம் குளிர்ந்த நீர் விடச் சொல்வது இதனால்தான். ஒருமுறை கிழிந்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஓய்வு. ஆறின இடமும் பழைய நெகிழ்வுக்குத் திரும்பாது.

நீண்ட நாள் ஓய்வில் இருந்த குதிரையை 12 வாரத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று எங்களில் பலருக்கும் கைவந்த வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம் வெறும் நடை. தொடக்கத்தில் 20 நிமிடம், இரண்டாம் வார முடிவில் 40. சுறுசுறுப்பான நடை, நேர்க்கோட்டில், இறுகிய தரையில். வட்டம் போடவே கூடாது. மூன்றாம் நான்காம் வாரத்தில் நடைக்கு நடுவே இரண்டிரண்டு நிமிடமாக நான்கு தடவை டிராட். ஐந்தாவதில் டிராட் ஐந்து நிமிடத் துண்டுகளாக நீளும், ஆறாவதில் இரு பக்கமும் ஒன்றிரண்டு நிமிடம் கேன்டர், அதாவது டிராட்டைவிட வேகமான மிதமான ஓட்டம், சேரும். ஏழு, எட்டில் கேன்டர் மூன்று நிமிடம் மூன்று தடவை, வாரத்தில் ஒரு நாள் தாழ்ந்த தடைகள். ஒன்பதிலிருந்து இடைவெளிப் பயிற்சி: நான்கு நிமிடம் கேன்டர், மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று சுற்று. இதை நான்கு நாளுக்கு ஒருமுறைதான் செய்ய வேண்டும், நடுவில் வரும் நாள்களில் லேசான வேலை. தூரம், வேகம், மேட்டு ஏற்றம் மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டலாம். இரண்டைச் சேர்த்துக் கூட்டினால் எது கெடுத்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 20க்கு 60 திடலின் சுற்றளவு 160 மீட்டர். நிமிடத்துக்கு 220 மீட்டர் டிராட் என்றால் ஒரு சுற்றுக்கு 44 விநாடி. 350 மீட்டர் கேன்டர் என்றால் 27 விநாடி. மூலைகளை வெட்டி ஓட்டினால் கணக்கு தப்பும், அவ்வளவுதான். 400க்கு மேல் போக வேண்டுமென்றால் அந்தத் திடல் போதாது, அந்த வேகத்தில் மூலைக்கு மூலை திருப்புவது மூட்டுக்கு நஞ்சு. நீளமான ஓடுபாதை கிராஞ்சியில் இருந்தது. அந்த 124 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் போகிறது. அதற்கு மாற்றாக 400, 500 மீட்டர் நீளத்தில் ஒரு மணல் பாதையாவது மன்றங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். இதை இன்னொரு மடலில் விரிவாக எழுதுவோம்.

இதயத் துடிப்பைக் கையாலேயே எடுக்கலாம். கீழ்த்தாடையின் உட்புறம் ஓடும் நாடியில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 40க்குள் இருக்க வேண்டும். இடைவெளிப் பயிற்சியில் மூன்று நிமிட நடைக்குப் பிறகும் துடிப்பு 110க்குக் கீழே இறங்காவிட்டால் அடுத்த சுற்று கிடையாது. வேலை முடிந்து பத்து நிமிடத்தில் 60, 64க்கு வந்துவிட வேண்டும். நெடுந்தூரப் போட்டிகளில் உலகெங்கும் மருத்துவர்கள் பார்க்கும் எண்ணும் அந்த 64தான். ஒரே வேலைக்கு அந்தப் பத்தாவது நிமிட எண் வாரத்துக்கு வாரம் குறைந்தால் குதிரை தேறுகிறது. திடீரென்று பத்து பன்னிரண்டு கூடினால் எங்கோ வலி, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. ஒரு நாள் எண் ஒன்றும் சொல்லாது, மூன்று மாத எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பதிவேடு வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இனி வெயிலுக்கு வருவோம். சிங்கப்பூரில் இந்தத் தொழிலின் பாதி அதுதான்.

அமெரிக்காவில் பலர் பின்பற்றும் ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து அதோடு ஈரப்பதத்தைக் கூட்டு. 130க்குக் கீழே என்றால் கவலையில்லை, 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 180ஐத் தாண்டினால் ஓட்டாதே. இதை இங்கே போட்டுப் பாருங்கள். காலை ஆறரைக்கு 26 டிகிரி, ஈரப்பதம் 90. அதாவது 79ம் 90ம் கூட்டினால் 169. மதியம் இரண்டு மணிக்கு 32 டிகிரி, ஈரப்பதம் 65. 90ம் 65ம் கூட்டினால் 155. அந்தக் கணக்குப்படி விடியற்காலையைவிட உச்சிவெயில் நல்லது! வெயிலின் நேரடிச் சூட்டையும் காற்றையும் அது பார்ப்பதேயில்லை. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே இங்கே இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

சரியான அளவுகோல் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT): வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து எடுக்கும் எண். இந்த எண்ணை வானிலை ஆய்வு மையம் 2023இலிருந்து மைஎன்வி செயலியில் போடுகிறது. 31 டிகிரிக்குக் கீழே வெப்ப ஆபத்து குறைவு, 31 முதல் 33 வரை நடுத்தரம், 33ம் அதற்கு மேலும் அதிகம். அது மனிதர்களுக்கு வைத்த எல்லை. குதிரைப் போட்டிகளுக்கான அனைத்துலக வழிகாட்டல் 28இலேயே கவனிக்கத் தொடங்கிவிடுகிறது, 33ஐத் தாண்டினால் போட்டியே பாதுகாப்பாக நடத்த முடியாது என்கிறது. எங்கள் பரிந்துரை இது: 30 வரை வழக்கமான வேலை. 30 முதல் 32 வரை கேன்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள், குளிர்நீர் தயாராக இருக்கட்டும். 32 முதல் 33 வரை நடை மட்டும். அதற்குமேல் லாயத்தைவிட்டு வெளியே வரவே வேண்டாம். 32ஐத் தொட்டால் வெளியில் கடும் வேலை செய்யும் ஊழியருக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி வைத்திருக்கிறது. அந்த ஊழியர் பிடித்துக்கொண்டிருக்கும் குதிரைக்கு அப்படியொரு விதி இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. செயலியில் வரும் எண் திறந்தவெளி நிலையத்தில் எடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். கூரை போட்ட, காற்று புகாத திடலில் நிலைமை வேறு. கையில் பிடித்து அளக்கும் கருவி ஒன்றை வாங்கித் திடலிலேயே அளப்பது நல்லது.

குதிரைக்கு ஏன் இவ்வளவு கவனம்? 500 கிலோ உடம்பு, எடைக்கு ஏற்ற தோல்பரப்பு கிடையாது. தசை செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சூடாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற வியர்வைதான் வழி, கடும் வேலையில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிப் போய்விடும், சூடு உள்ளேயே தங்கும். மனித வியர்வையைவிடக் குதிரை வியர்வையில் உப்பு மிக அதிகம். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய பத்து கிராம் உப்புச்சத்து போகிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுவதில்லை. குதிரைக்குத் தாகமும் எடுப்பதில்லை. உடல் வற்றிய குதிரை தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பார்ப்பவர் “தண்ணீர் வேண்டாம் போலிருக்கிறது” என்பார். லேசான வேலை செய்யும் குதிரைக்கு நாளுக்கு 30 கிராம் சாதாரண உப்பு, நன்றாக வியர்க்கும் குதிரைக்கு 50, 60 கிராம், இரண்டு வேளைத் தீனியில் பிரித்து. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் உப்பு மட்டும் கொடுத்தால் கெடுதல். காய்ந்த புல் முழுக்க இறக்குமதி என்பதால் அதை நனைத்துப் போடுவதும் வழக்கமாகட்டும். உடல் வற்றிய குதிரையின் குடலில் காய்ந்த புல் கட்டிக்கொண்டால் வயிற்றுவலி நிச்சயம்.

வேலை முடிந்து திணறும் குதிரையைக் குளிர்விக்கும் முறையில் இன்னும் பழைய பயங்கள் இருக்கின்றன. குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இறுகிவிடும், சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது. இரண்டும் தவறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளிலேயே ஐஸ் நீர் ஆபத்தில்லை என்று தெளிவாகிவிட்டது. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சேணத்தை அவிழ்த்து, விசிறியைத் திருப்பிவிட்டு, கழுத்து, விலா, பிட்டம் என்று முழு உடம்புக்கும் நிறுத்தாமல் ஊற்றுங்கள். கால்களுக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போவது பாவனை. தேய்த்து வழிக்க நேரம் செலவிடுவதைவிட அடுத்த வாளியை ஊற்றுவது மேல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசனவாயில் வெப்பநிலை எடுங்கள். வேலை நின்ற பிறகும் அது சிறிது நேரம் ஏறும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. 39க்கு வந்ததும் நிறுத்தலாம். குடிக்க நான்கைந்து லிட்டர் உடனே காட்டுங்கள், சில நிமிடம் கழித்து மறுபடியும்.

எவ்வளவு ஊற்றினாலும் அடங்காத குதிரை ஒன்று ஒவ்வொரு லாயத்திலும் இருக்கும். வெப்பநாட்டுக்கு வந்த குதிரைகளில் சில, வியர்ப்பதையே மெல்ல நிறுத்திவிடுகின்றன. நிறுத்தியது முதலில் யாருக்கும் தெரியாது. பிடரிக்குக் கீழேயும் பின்தொடைகளின் நடுவிலும் மட்டும் ஈரம் இருக்கும், விலாப்பக்கம் காய்ந்திருக்கும். வேலை முடிந்து அரைமணி கழித்தும் மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும், மூச்சின் எண்ணிக்கை துடிப்பையும் மிஞ்சும். சில வாரத்தில் நெற்றி முடி உதிரும், தோல் பொடிப்பொடியாக உரியும். சவாரி செய்பவருக்கு அது சோம்பேறிக் குதிரை. சாட்டையால் தட்டுவார். தினமும் அதே கையால் துடைப்பவருக்குத்தான் துணியில் வியர்வை குறைவது தெரியும். அதை எழுதிவைக்கவும் சொல்லவும் அவருக்கு இடம் இருந்தால் மருத்துவர் ஊசிபோட்டுச் சோதித்து உறுதிசெய்வார். விசிறி, விடியற்காலை வேலை, சில சமயம் குளிர்நாட்டுக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவெடுக்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ வந்திறங்கும் குதிரைக்கு முதல் இரண்டு மூன்று வாரம் வெயிலுக்குப் பழகவே விட வேண்டும். விமானச் செலவு போட்டாயிற்று என்று மூன்றாம் நாளே ஏறி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறோம்.

மழையும் சும்மா விடாது. வடகிழக்குப் பருவக்காற்றில் இடி எச்சரிக்கை வந்து மூன்று நாள் தொடர்ந்து வகுப்பு ரத்தாகும். குதிரை லாயத்திலேயே நிற்கும், தானியம் மட்டும் வழக்கம்போல விழும். நான்காம் நாள் வெளியே கொண்டுவந்ததும் பத்து நிமிடத்தில் பின்தசை கல்லாக இறுகும், நடக்காது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நடக்கவைத்துச் சரிசெய்யலாம் என்று இழுத்தால் தசை மேலும் சிதையும், சிறுநீரகம் கெடும். தடுப்பதற்கு ஒரு வரி விதி போதும்: வேலை இல்லாத நாளில் தானியம் பாதி, புல் மட்டும் முழுசு. புல் என்பது உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு. 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ. தானியம் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது. ஏறுவதற்கு அரைமணி முன்பு இரண்டு கை நறுக்கிய புல் கொடுத்தால் வயிற்று அமிலம் மேலே தெறிக்காது, புண்ணும் குறையும்.

காலையில் காலைத் தொட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தீனிக்கு முன், விளக்கு வெளிச்சத்தில், குத்துக்காலிட்டு உட்காருங்கள். முழந்தாள் போட வேண்டாம், எழுந்து நகர முடியாது. புறங்கையால் முட்டியிலிருந்து குளம்புவரை தடவிச் சூடு பாருங்கள், அடுத்த காலோடு ஒப்பிடுங்கள். பிறகு காலை மடக்கித் தூக்கி, பின்புறத் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். விளிம்பு கத்திபோல் துல்லியமாக இருக்க வேண்டும், மழுங்கினால் நிறுத்துங்கள். கணுக்காலின் பின்பக்க நாடி நல்ல குதிரைக்குத் தேடினால்தான் கிடைக்கும். தொட்டதும் நாடி துள்ளினால் குளம்புக்குள் சீழோ அழற்சியோ இருக்கலாம். இரண்டு பின்னங்காலும் ஒரே மாதிரி லேசாக உப்பியிருந்தால் ராத்திரி நின்றதால் வந்தது, பத்து நிமிட நடையில் போய்விடும். ஒரு கால் மட்டும் உப்பியிருந்தால் நடையில் போகாது. நான்கு காலுக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆகும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆகும், நல்ல கால் எப்படி இருக்கும் என்று நூற்றுக்கணக்கான கால்களைத் தொட்டால்தான் கைக்குத் தெரியும்.

கிராஞ்சியிலிருந்து உங்களுக்கு வந்த பந்தயக் குதிரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராஞ்சி ஓடுபாதை இடப்பக்கம் சுற்றுவது. அங்கே வருடக்கணக்கில் ஓடிய குதிரைக்கு இடது வளைவு தானாக வரும், வலது கேன்டர் கோணும். அதை அடம் என்று நினைத்து இழுக்காதீர்கள். வலப்பக்கத்தை முதலில் நடையிலும், பிறகு தரையில் போட்ட கட்டைகள் மேலும் கட்டியெழுப்ப வேண்டும். தானியத்தை ஒரு வாரம் பத்து நாளில் மெல்லக் குறைத்து, இரண்டு மூன்று மாதம் ஓய்வு கொடுத்து, பின் மேலே சொன்ன 12 வாரத்தைத் தொடங்குங்கள். முதுகுத் தசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சேணத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். லாடத்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மாற்ற வேண்டும். முன்விளிம்பு நீண்டு குதிகால் தாழ்ந்த குளம்பு நாம் முதலில் சொன்ன அதே தசைநாணைத்தான் இழுக்கும்.

இவ்வளவும் யார் செய்வது? ஒருவர் எத்தனை குதிரை பார்க்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். விடியற்காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை நான்கு குதிரை, மாலை ஐந்தரைக்குமேல் இரண்டு. ஆறு குதிரைக்குமேல் கொடுத்தால் அது ஓட்டுவது மட்டும்தான், கவனிப்பது இல்லை. குதிரைக்கு மாதந்தோறும் உரிமையாளர் கட்டும் லாயக் கட்டணத்தில் தகுதிப் பயிற்சிக்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்து அதிலிருந்து இந்தச் சம்பளத்தைக் கொடுங்கள். மன்றத்துக்குச் சொந்தமான வகுப்புக் குதிரைகளுக்கு, ஒரு தசைநாண் கிழிந்து ஒரு வருடம் நிற்கும் குதிரையின் தீனி, மருந்து, ரத்தான வகுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பணம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று உங்கள் பொருளாளருக்கே தெரியும். கொள்ளென்றால் வாயைத் திறப்பது, கடிவாளமென்றால் மூடிக்கொள்வது குதிரைக்குச் சொன்ன பழமொழி. வெளிநாட்டிலிருந்து புதுக்குதிரை வாங்க நிதி திரட்டும்போதும், அதைத் தயார்செய்ய ஆள் கேட்கும்போதும் சில கூட்டங்களில் அது நினைவுக்கு வருகிறது.

பழகுநர் திட்டம் இரண்டு வருடமாக இருக்கட்டும். முதல் ஆறு மாதம் ஏறவே விடாதீர்கள்: கால், குளம்பு, வெப்பநிலை, தீனி எடை, நாடி. அடுத்த ஆறு மாதம் கையில் பிடித்து நடத்துவதும், நொண்டல் பார்ப்பதும். நேராக டிராட்டில் ஓடவிட்டால் வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். இதைப் பார்க்க ஒரு மாதம் பழகினால் கண் வந்துவிடும். பின்னங்கால் நொண்டலுக்கு ஒரு வருடம் போதாது. இரண்டாம் வருடம்தான் ஏறிப் பயிற்சி கொடுப்பது. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் படிநிலைத் தேர்வுகளை ஏணியாக வைத்துக்கொள்ளலாம், வெப்பத்தையும் ஈரத்தையும் பற்றி நம் ஊர்ப் பாடத்தை அதோடு சேர்க்க வேண்டும். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விலங்கு மருத்துவத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு வேலைப் பயிற்சிக்கு இடம் கொடுங்கள். சொல்லித்தர ஆள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், கேட்க ஆள்தான் இல்லை. சவாரி தெரிந்த பிள்ளைகள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்று சொல்வதை நாங்கள் நம்பவில்லை. நாலரை மணிக்கு எழுந்து வரத் தயாராக இருப்பவருக்கு ஐந்து வருடம் கழித்து என்ன பதவி என்று யாரும் சொல்வதில்லை, அதனால் போய்விடுகிறார்கள்.

கடைசியாக, நிறுத்தும் அதிகாரம். மற்ற மூன்றையும் கொடுத்து இதை மட்டும் விட்டுவிட்டால் மீதி எல்லாம் வீண். போட்டி நாள் காலையில் கால் சூடாக இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். உரிமையாளர் நுழைவுக் கட்டணம் கட்டியிருப்பார், பெற்றோர் கேமராவோடு வந்திருப்பார்கள், பயிற்றுநருக்கு வகுப்பை ரத்துசெய்ய மனம் வராது. அப்போது யார் சொல் நிற்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தகுதிப் பொறுப்பாளர் “வேண்டாம்” என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மருத்துவர் வந்து பார்த்து மாற்றும்வரை அந்தக் குதிரை வெளியே போகக்கூடாது. செயற்குழுத் தலைவராலும் அதை மீற முடியாது என்று உங்கள் விதிமுறையில் ஒரு பிரிவு சேருங்கள். தவறாக நிறுத்திவிட்டால் ஒரு போட்டி போகும். தவறாக விட்டுவிட்டால் என்ன போகும் என்று மேலே எழுதியிருக்கிறோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சுமக்கும் குதிரைகளுக்கும் இதே விதிதான். மெதுவாக நடப்பதால் அவற்றுக்கு முதுகு வலிக்காது என்று அர்த்தமில்லை.

பதிவேட்டுக்கு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். தேதி, திடலில் அளந்த ஈரக்குமிழ் எண், நடை, டிராட், கேன்டர் நிமிடங்கள், பத்தாவது நிமிடத் துடிப்பு, காலையில் எடுத்த உடல் வெப்பநிலை (37.2 முதல் 38.3 வரை சரி), நான்கு கால், மிச்சம் வைத்த தீனி, ஏறியவர் பெயர். உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்தப் பதவியை ஒரு தீர்மானமாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். பதவி விளக்கத்தையும் பழகுநருக்கான இரண்டு வருடப் பாடத்தையும் எழுதித்தர நாங்கள் தயார். காலை ஒன்பது மணிக்குமேல் எந்த நாளும் வரலாம், அதற்குமுன் குதிரைகள் வெளியே இருக்கும்.

இப்படிக்கு,
பந்தய லாயங்களிலும் சவாரி மன்றங்களிலும் குதிரைகளைத் தயார்செய்யும் ஊழியர்கள் சிலர்
சிங்கப்பூர்